ரசாயனப் பரீட்சையும் மரத்தடி விசாரணையும்

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பகல் ஒன்றேகால் மணிக்குத் தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் மணி அடிக்கிறது. பிளஸ் டூ வகுப்பின் ரசாயனப் பரீட்சை முடிந்துவிட்டது. பாடப்புத்தகம் வேதியியல் என்று வழங்கும் சாஸ்திரத்தை நாம் பழைய பெயரால் குறிப்பிடுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போன மாணாக்கர், வினாப் பத்திரத்தை வாசிக்கப் பத்து நிமிஷமும், தம் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிஷமும், எழுதுவதற்கு மூன்று மணி நேரமுமாக வாய் திறவாமல் அடைபட்டுக் கிடந்தவர்கள். வெளியே வந்ததும் வெள்ளம் உடைத்துக்கொண்டதுபோல் பேச்சுக் கிளம்புகிறது. "ஏண்டா, பதினோராவது கேள்விக்கு எதைப் போட்டாய்?" "இரண்டாவதை." "போச்சு! நான் நாலாவதை அல்லவா போட்டேன்!" வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம், சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு கூட்டம், பஸ் நிலையத்தில் மாணவிகள் கூட்டம். எல்லோர் கையிலும் அந்த அச்சிட்ட வினாப் பத்திரம்.

இந்தக் காட்சியைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. "எழுதினது எழுதினதுதான், இனிப் பேசி என்ன லாபம்? அடுத்த பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பார்" என்று தகப்பனார் அதட்டுகிறார். உபாத்தியாயர்களில் பலரும் அதே அபிப்பிராயம் உடையவர்கள். இந்தப் புத்திமதியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். ஆனால் மரத்தடியில் நடக்கும் இந்த விசாரணையை வெறும் வம்பென்று தள்ளிவிடுவது சரியல்ல என்பதே நமது கட்சி. அங்கே இரண்டு பெரிய காரியங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, வருஷம் முழுவதும் நெட்டுருவாக இருந்த ரசாயனம் அப்பொழுதுதான் முதன்முதலாக யோசனையாக மாறுகிறது. மற்றொன்று, நம் தேசத்தில் பரீட்சை நடத்துகிறவர்களைக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

முதலில், அந்தப் பிள்ளைகள் ஒரு மார்க்குக்காக ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். எழுத்துப் பரீட்சைக்கு 70 மார்க்கு. அதில் 15 மார்க்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒற்றை மார்க்குக் கேள்விகள். மீதியுள்ளவை இரண்டு, மூன்று, ஐந்து மார்க்குக் கேள்விகள். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30. இந்த நூறும் எஞ்சினீயரிங் கல்லூரி வாசலுக்குப் போகும்போது ஐம்பதாகச் சுருங்குகிறது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக மொத்தம் 200 என்பது அங்கே கணக்கு. முன்பு ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மார்க்கு இருந்த காலத்தில், ஒரு ஒற்றை மார்க்குக் கேள்வியைத் தவறவிட்டவனுக்கு அந்த வாசலில் கால் மார்க்குதான் நஷ்டம். மொத்த மார்க்கு 1200 என்பதை 600 ஆக்கிப் பாரத்தைக் குறைத்தோம் என்று சொல்லிக்கொண்ட சீர்திருத்தத்துக்குப் பிறகு, அதே கேள்வியைத் தவறவிட்டவனுக்கு அரை மார்க்கு நஷ்டம். கால் மார்க்கு, அரை மார்க்கில் எத்தனை ஆயிரம் பேர் முன்பின்னாக நிற்கிறார்கள் என்பதைக் கலந்தாய்வுக்குப் போய்வந்த குடும்பத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். எல்லாவற்றிலும் சமமாக நின்றுவிட்டால் கடைசியில் பிரிப்பதற்கு சமவாய்ப்பு எண் என்று ஒன்றை ஆரம்பத்திலேயே ஒவ்வொருவருக்கும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சாதாரணத் தமிழில் அதற்குக் குலுக்கல் சீட்டு என்று பெயர்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடும் வழக்கம் 2017-இல் நின்றது. அது நல்ல காரியம். பத்திரிகைகளாகிய நாங்கள் அந்தப் படங்களைப் போட்டு இலாபம் அடைந்தவர்கள் என்பதால், அதைப் பற்றி அதிகம் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் பட்டியல் போனாலும் ஒப்பிடும் ஆவல் போகவில்லை. அது போகவும் வேண்டியதில்லை.

இனி மரத்தடியில் நடக்கும் வாதத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டருக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு மோல் அளவுதான் கரைந்திருக்கிறது. அந்தக் கரைசலின் பிஎச் மதிப்பு என்ன? இது பாடத்தில் உள்ள கணக்கு. ஒரு பையன் சூத்திரத்தை நேராகப் போட்டு 7 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். பக்கத்திலிருப்பவன் சிரிக்கிறான். "ஏழு என்றால் சுத்தமான தண்ணீர் அல்லவா? அமிலத்தை ஊற்றியும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது என்கிறாயா?" என்று மடக்குகிறான். தண்ணீரிலேயே லிட்டருக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனி இருக்கிறதே, அதையும் கூட்ட வேண்டாமா என்பது அவன் வாதம். இரண்டையும் கூட்டி 6.70 என்று அவன் எழுதியிருக்கிறான். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு மாணவி மெதுவாகச் சொல்லுகிறாள்: "அமிலம் வந்து சேர்ந்த பிறகு தண்ணீர் முன்போல் பிரியுமா, அண்ணா? அமிலம் கொடுத்த அயனியைக் கண்டதும் தண்ணீர் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் அல்லவா?" அவள் இருபடிச் சமன்பாடு போட்டுத் தீர்த்திருக்கிறாள். தண்ணீரின் பங்கு ஒன்றிலிருந்து ஏறக்குறைய 0.62 ஆகக் குறைகிறது; மொத்தம் 1.62, விடை 6.79. மூன்று பேர், மூன்று விடை. சரியான விடை அவளுடையதுதான்.

இந்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல் பையனுக்குச் சூத்திரம் தெரியும். அது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பது தெரியாது. இரண்டாமவன் அதைப் பிடித்துவிட்டான். ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டான். மூன்றாமவள் கடைசிவரை போனாள். இந்த மூன்று படிகளையும் வகுப்பில் ஓர் உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பார்; நாற்பது பேரும் நோட்டில் இறக்கிக்கொண்டிருப்பார்கள். அப்பொழுது மனத்தில் பதியாத விஷயம், மார்க்குப் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலோடு கேட்கும்போது பதிகிறது. அந்தப் பையன் தன் ஆயுளில் இனி அந்தக் கணக்கை மறக்கமாட்டான். எதிர்க்கட்சி வக்கீலின் ஒரே ஒரு கேள்வியால் கேஸ் தோற்றவன் அந்தச் சட்டப் பிரிவை மறப்பதுண்டா?

இன்னொரு விதமான வாதமும் உண்டு. அது இதைவிடக் கசப்பானது. எத்தனாலைக் கெட்டியான கந்தக அமிலத்தோடு சூடாக்கினால் என்ன கிடைக்கும் என்று கேள்வி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். சுமார் 140 டிகிரி சூட்டில் ஈதர் கிடைக்கும். சுமார் 170 டிகிரியில் எத்திலீன் வாயு கிடைக்கும். கெல்வின் அளவில் சொன்னால் 413, 443. கேள்வியில் அந்த எண் அச்சாகியிருந்தால் வழக்கே இல்லை. அந்த எண் விட்டுப்போய், நான்கு விடைகளில் ஈதரும் எத்திலீனும் இரண்டுமே இருந்துவிட்டால் என்ன செய்வது? ஈதர் என்று போட்டவனும் சரி, எத்திலீன் என்று போட்டவனும் சரி. பிழை செய்தவர் வினா எழுதியவர். ஆனால் தண்டனை அடையப்போகிறவர் யார் என்பது, விடைக்குறிப்பை எழுதும் மற்றொருவரின் பேனாவில் அல்லவா இருக்கிறது? பீனாலும் புரோமினும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதும் இப்படித்தான்: தண்ணீரில் ஒரு விடை, கார்பன் டைசல்பைடில் வேறு விடை. ரசாயனம் என்பதே நிபந்தனைகளைச் சொல்லும் சாஸ்திரம். எந்தச் சூட்டில், எந்தக் கரைப்பானில், எந்த அளவில் என்று சொல்லாமல் ரசாயனத்தில் ஒரு கேள்வி கேட்பது, தேதியும் தொகையும் எழுதாமல் புரோநோட்டு எழுதி வாங்குவதற்குச் சமானம்.

இந்த மாதிரிச் சந்தர்ப்பங்களில் மரத்தடிக் கூட்டம் சும்மா இருப்பதில்லை. "இந்தக் கேள்விக்கு எதை எழுதியிருந்தாலும் மார்க்கு உண்டாம்" என்று ஒரு வதந்தி கிளம்பும். "கேள்வி எண்ணைப் போட்டிருந்தாலே போதுமாம்" என்று அது அடுத்த தெருவுக்குப் போவதற்குள் வளரும். சாயங்காலத்துக்குள் தனியார் பயிற்சிக் கூடங்கள் தத்தம் விடைகளைக் கைபேசி வழியாகப் பரப்பிவிடும். ஒரு கூடத்தின் விடை மற்றொன்றின் விடையோடு பொருந்தாது. அன்றிரவு எத்தனை வீடுகளில் தூக்கம் போகிறது! அதிகாரபூர்வமான விடை இன்னது என்று சர்க்கார் வாய் திறந்து சொல்லும்வரை இந்த வதந்திக்கு மாற்று இல்லை.

விடைக்குறிப்பு தவறாக இருந்தால் மாணாக்கனுக்கு என்ன பரிகாரம்? இந்தக் கேள்விக்கு நமது தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டு 1983-லேயே பதில் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் வைத்தியக் கல்லூரிகளுக்கு ஆள் எடுப்பதற்காகக் கான்பூர் சர்வகலாசாலை 1982-இல் நடத்திய பரீட்சையைப் பற்றியது அந்த வழக்கு. பௌதிகம், ரசாயனம், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை அது. பிறகு விடைக்குறிப்பு வெளியிடப்பட்டது. மாணாக்கர் அதைத் தாங்கள் எழுதியதோடு ஒப்பிட்டார்கள்; தங்கள் பாடப்புத்தகங்களோடும் ஒப்பிட்டார்கள்; சில கேள்விகளுக்குச் சர்வகலாசாலையின் விடையே தவறு என்று கண்டு அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். மரத்தடியில் ஆரம்பித்த வாதம் டில்லிவரை சென்றது என்று சொல்லலாம். சர்வகலாசாலையின் அப்பீலைப் பிரதம நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பின் சாரம் இது. விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ள வேண்டும். சுற்றிவளைத்த தர்க்கத்தினால் அதைத் தவறென்று சாதிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் விடைக்குறிப்பின் பக்கமே சாய வேண்டும். ஆனால் அது தவறு என்பது சந்தேகத்துக்கு இடமின்றி ருசுவாகிவிட்டால், தவறான விடையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மாணாக்கனைத் தண்டிப்பது அநியாயம். கேள்வியில் குழப்பம் இருப்பதாகச் சுட்டிக்காட்டப்பட்டால் உடனுக்குடன் தீர்மானித்து அந்தக் கேள்வியை விலக்கிவிட வேண்டும் என்றும் கோர்ட்டு யோசனை சொல்லிற்று. விடைக்குறிப்பைப் பகிரங்கமாக வெளியிடும் பழக்கத்தை அது பாராட்டவும் செய்தது. வெளியிடாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அந்தத் தவறு வெளிச்சத்துக்கே வந்திராது அல்லவா?

பிறகு வந்த தீர்ப்புகள் எல்லாம் இவ்வளவு தாராளமாக இல்லை. 2017 டிசம்பரில் உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு ஒன்றைப் பற்றிய வழக்கில், சந்தேகத்தின் பலன் பரீட்சை நடத்துகிறவர்களுக்கே சேர வேண்டும், அனுதாபத்துக்கு இங்கே இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகக் கூறிற்று. வருஷக்கணக்கில் பரீட்சை முடிவுகள் கோர்ட்டு வாசலில் தொங்குவதைக் கண்டு நீதிபதிகள் அலுத்துப்போனதில் வியப்பில்லை. வக்கீல் தொழில் செய்கிறவன் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆயினும், ஒற்றை மார்க்குக் கேள்வியைத் தீர்க்க ஹைகோர்ட்டு தக்க இடமல்ல என்பதே எமது அபிப்பிராயமும். அது ரசாயனம் தெரிந்தவர்கள், பரீட்சை முடிந்த வாரத்திலேயே, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தீர்க்க வேண்டிய விஷயம். அந்த மேஜைக்கு மாணாக்கனின் குரல் எட்டுவதற்கு ஒரு வழி வேண்டும்; அவ்வளவுதான்.

அகில இந்திய வைத்தியப் பரீட்சையாகிய நீட் விஷயத்தில் இந்த வழி ஒருவாறு இருக்கிறது. அதில் ரசாயனத்துக்கு 45 கேள்விகள், 180 மார்க்கு. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. பரீட்சை நடத்தும் தேசிய முகமை தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடுகிறது. கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். நியாயம் கேட்பதற்குக் கட்டணம் வாங்குவது நமக்கு உவப்பானதல்ல. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மூன்று கேள்வியில் சந்தேகம் என்றால் 600 ரூபாய்க்கு எங்கே போவான்? இருந்தாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கதவு இருந்தும் 2024-இல் என்ன நடந்தது என்பது தேசம் அறிந்தது. பௌதிகப் பகுதியில் அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்கு, பழைய பாடப்புத்தகத்தின்படி ஒரு விடை, புதிய பாடப்புத்தகத்தின்படி வேறு விடை என்று சொல்லி, முகமை இரண்டுக்கும் மார்க்குக் கொடுத்தது. சுப்ரீம் கோர்ட்டு டில்லி ஐ.ஐ.டி.யின் நிபுணர்களைக் கேட்டது. அவர்கள் ஒரே நாளில், ஒரே விடைதான் சரி என்று சொல்லிவிட்டார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் மார்க்கு மாறிற்று. கருணை மார்க்கு விவகாரமும் இதுவும் சேர்ந்து, முதலில் முழு மார்க்கு வாங்கியவர்கள் என்று அறிவிக்கப்பட்ட 67 பேர் கடைசியில் 17 ஆயினர். மூன்று நிபுணர்கள் ஒரு நாளில் சொல்லக்கூடியதை, ஜூன் மாதமே முடிவை வெளியிடுவதற்கு முன் ஏன் கேட்கவில்லை?

தமிழில் எழுதும் மாணாக்கரின் கதை தனி. 2018-ஆம் வருஷத்து நீட் பரீட்சையின் தமிழ் வினாப் பத்திரத்தில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்பது வழக்கு. சிறுத்தையைச் 'சீத்தா' என்று எழுதியிருந்தார்கள் என்றால் மற்றவற்றை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஜூலை 10-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, கேள்விக்கு நான்காக 196 மார்க்கு ஒவ்வொருவருக்கும் வழங்கும்படி உத்தரவிட்டது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. எல்லோருக்கும் ஒரேயடியாக 196 கொடுப்பது சரியான பரிகாரமா என்பதில் நியாயமான அபிப்பிராய பேதம் இருக்கலாம். பிழையால் இடறாதவனுக்கும் அது கிடைத்துவிடுகிறது. ஆனால் பரிகாரம் மிகை என்று தள்ளியபின், இடறியவனுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழில் எழுத உனக்கு உரிமை உண்டு. ஆனால் உனக்கு நாங்கள் கொடுத்த தமிழ் தவறாயிருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்பதே அந்த வரியின் பொருள். அந்நியன் ஆண்ட காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

நமது மாநிலத்துப் பிளஸ் டூ பத்திரத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில் அச்சாகின்றன. ஆகையால் மரத்தடியில் தமிழ்வழி மாணவனும் ஆங்கிலவழி மாணவனும் சந்திக்கும்போது வேடிக்கையான ஒப்பீடுகள் நடக்கும். இவன் 'வினைவேக மாற்றி' என்பான். அவன் 'கேட்டலிஸ்ட்' என்பான். இரண்டும் ஒன்றென்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆகும். தமிழில் ரசாயனம் சொல்லும் முயற்சி நேற்று ஆரம்பித்ததல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க டாக்டர் கிறீன் அவர்களின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற நூல் 1875-இலேயே வெளிவந்துவிட்டது. ஸ்ரீ ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, 1916-இல், சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார். பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். தமிழில் ரசாயனம் முடியுமா என்ற கேள்வி இவ்வாறு நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்த கேள்வி. இப்பொழுது தீர வேண்டியது, தமிழ்வழியில் எழுதியவனின் விடைப் பத்திரம் அதே அளவுகோலால் அளக்கப்படுகிறதா என்பதுதான். விடைக்குறிப்பு இரண்டு மொழியிலும், ஏற்கத்தக்க மாற்றுச் சொற்களுடன் இருக்க வேண்டும். பிராணவாயு என்று எழுதிய கிராமத்துப் பையனுக்கு, ஆக்சிஜன் என்று எழுதவில்லை என்பதற்காக மார்க்கு குறையக்கூடாது.

பெரியவர்களின் புத்திமதியைப் பின்னால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னோம். ஒப்பிடுவதில் ஆபத்தும் உண்டு. அடுத்த பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பதினைந்தில் நான்கு போய்விட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் சிலர் அதற்கு மேலும் போய்விடுகிறார்கள் என்ற செய்தியை ஒவ்வொரு வருஷமும் இதே பத்திரிகைகளில் அச்சிடும் துர்ப்பாக்கியம் நமக்கு நேருகிறது. மனம் தளர்ந்தவர்களோடு பேசுவதற்காக 104 என்ற எண்ணில் ஆலோசனை தருகிறார்கள். அதைப் பள்ளிச் சுவரில் மட்டும் அல்ல, வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். தவறிப்போனவர்களுக்கு அதே வருஷத்திலேயே துணைத் தேர்வு இருக்கிறது என்பதையும் தகப்பன்மார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்து, பேசாதே என்று வாயை அடைப்பதல்ல. பிள்ளை பேசாவிட்டாலும் மனத்துக்குள் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். தனியாக ஒப்பிடுகிறவனுக்குத் தன் பிழை மலையாகத் தெரியும். நாலு பேரோடு சேர்ந்து பார்க்கிறவன், அந்தக் கணக்கில் தன்னைப்போல் இன்னும் மூவர் இடறினார்கள் என்பதைக் கண்டு மூச்சு விடுவான். அனிலீனை நைட்ரோ ஏற்றம் செய்தால் மெட்டா வகையும் நூற்றுக்கு 47 பங்கு வருகிறது என்பதை ஒரு வகுப்பே மறந்திருந்தால், அது ஒரு பையனின் குற்றமல்ல. அமினோத் தொகுதி ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் அனுப்பும் என்ற விதியைச் சொன்னவர், அமிலத்தில் அது அனிலீனியமாக மாறிவிடும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை என்றே அர்த்தம். இந்தச் செய்தி உபாத்தியாயருக்கும் தெரிய வேண்டாமா? அவரும் அந்த மரத்தடிக்கு ஒரு பத்து நிமிஷம் வந்து நின்றால் நலம்.

முடிவு வெளியான பிறகு செய்யக்கூடியவை சில உண்டு. பரீட்சை எழுதியவனுக்குத் தன் திருத்திய விடைப் பத்திரத்தைப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்று 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தகவல் அறியும் சட்டத்தின் கீழ்த் தீர்மானித்தது. நமது மாநிலத்தில் விடைப் பத்திரத்தின் நகலைப் பணம் கட்டிப் பெற்று, பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். மறுமதிப்பீட்டில் மார்க்கு இறங்கவும் கூடும் என்பதால் பலர் அஞ்சி நின்றுவிடுகிறார்கள். மேலும் இவையெல்லாம் மே மாதத்துக்குப் பிந்திய வைத்தியம். விடைக்குறிப்பே கோணலாக இருந்தால், எத்தனை தடவை மறுபடி மதிப்பிட்டாலும் அதே கோணல் அளவுகோல்தானே உள்ளே வரும்?

ஆகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் விடைக்குறிப்பை இரண்டு மொழியிலும் வெளியிடட்டும். ஒரு வாரம் கெடு கொடுக்கட்டும். ஆட்சேபத்தை மாணாக்கன் தன் பள்ளித் தலைமை உபாத்தியாயர் மூலமாக, பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைக் குறித்து, கட்டணமின்றி அனுப்பலாம் என்று விதி செய்யட்டும். பக்க எண் குறிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையால் வீண் ஆட்சேபங்களில் முக்கால்வாசி தாமே நின்றுபோகும். வந்தவற்றைப் பாடத்துக்கு மூன்று பேராக உபாத்தியாயர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் பார்த்து, ஏற்றுக்கொண்டதையும் தள்ளியதையும் காரணத்தோடு பிரசுரிக்கட்டும். திருத்தும் முகாம்களில் முதன்மைத் தேர்வாளர்கள் விடைக்குறிப்போடு முதலில் உட்காருகிறார்கள். உதவித் தேர்வாளர்கள் பிறகுதான் சிவப்பு மையைத் தொடுகிறார்கள். அந்த முதல் நாளுக்கு முன் இந்தத் தீர்மானம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரு விடைப் பத்திரத்தையும் மறுபடி பிரிக்க வேண்டிய அவசியம் இராது. பரீட்சைக்கும் முகாமுக்கும் இடையே உள்ள நாட்கள் இதற்குப் போதாவிட்டால், முகாமை நான்கு நாள் தள்ளி வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.